சோதனைக் கலப்பில் 1:1:1:1 வரவில்லையே, ஏன்?

வினவி:
ட்ரோசோஃபிலா பழ ஈயை வைத்து ஒரு கணக்கு. சாம்பல் உடலும் இயல்பான இறக்கையும் கொண்ட பெண் ஈ, இரண்டு பண்புக்கும் ஹெட்டிரோசைகஸ் (ஒவ்வொரு மரபணுவிலும் ஓங்கு, ஒடுங்கு என இரு வடிவங்களையும் சுமப்பது). அதைக் கருப்பு உடல், குட்டை இறக்கை ஆணோடு (இரண்டுமே ஒடுங்கு பண்பு) கலக்கிறோம்; இதுதான் சோதனைக் கலப்பு. சார்பின்றி ஒதுங்குதல் விதிப்படி (ஒரு பண்பு மற்றதைச் சாராமல் சேய்க்குப் போகும்) 2300 சேய்களில் வகைக்கு 575 வர வேண்டும். தந்திருப்பதோ: சாம்பல்-இயல்பு 965, கருப்பு-குட்டை 944, சாம்பல்-குட்டை 206, கருப்பு-இயல்பு 185. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாமா? ஆண் ஈயை ஹெட்டிரோசைகஸாக எடுத்தால் இரண்டே வகைதான் வரும் என்றும் இருக்கிறது. அது எப்படி?

குறுக்கேற்றம்:
தற்செயல் இல்லை. கை-வர்க்கம் (விலகல் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள்: 390, 369, 369, 390 என்ற விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி 575-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1003. கட்டின்மை கூறு (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3-க்கு, 5% அளவில் தற்செயலின் எல்லை 7.81தான்.

இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில், இரண்டாவதில், இருக்கின்றன. அதனால் பெற்றோரிடமிருந்து வந்த சேர்க்கை பெரும்பாலும் பிரியாமலே கேமீட்டுக்குள் (முட்டை அல்லது விந்தணு) போகிறது. குன்றல் பகுப்பில் (கேமீட் உருவாகும் செல் பகுப்பு) இந்த இரண்டுக்கும் நடுவே குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்தால் மட்டுமே புதுச் சேர்க்கை பிறக்கும். (206 + 185) ÷ 2300 = 0.17. அதாவது 17 சென்டிமார்கன் (மரபணுக்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் அலகு; 1% புதுச் சேர்க்கைக்கு 1).

ஆண் ட்ரோசோஃபிலாவில் குறுக்கேற்றம் நடப்பதே இல்லை. ஆகவே பெற்றோர் வகை இரண்டும் 1:1 ஆக வரும், அவ்வளவுதான். பிணைப்பை, அதாவது மரபணுக்கள் சேர்ந்தே போவதை, தூரமாக அளக்க ஹெட்டிரோசைகஸ் பெண் கட்டாயம் வேண்டும்.

வினவி:
அப்படியானால் சாம்பல்-குட்டை எப்போதும் சிறுபான்மையா?

குறுக்கேற்றம்:
இல்லை, இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தப் பெண் ஈயின் பெற்றோர் யார் என்பதைப் பொறுத்தது. அதன் தாய் சாம்பல்-குட்டை, தந்தை கருப்பு-இயல்பு என்றால் (இரண்டும் தூய வழி) அந்த இரண்டு வகைகளே ஏறத்தாழ 83% வரும். ஓங்குபண்பா ஒடுங்குபண்பா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

வரைபடம்:
மேலே சொன்ன 17 ஒரு குறைமதிப்பு. மரபணு வரைபடத்தில் கருப்பு உடல் 48.5-இலும் குட்டை இறக்கை 67.0-இலும் இருக்கின்றன, இடைவெளி 18.5. இரண்டுக்கும் நடுவே இரட்டைக் குறுக்கேற்றம் நடந்தால் ஓரத்து மரபணுக்கள் பழைய சேர்க்கைக்கே திரும்பிவிடும், எண்ணிக்கையில் தெரியாது. 57.5-இல் உள்ள சின்னபார் கண்நிற மரபணுவையும் சேர்த்து மூன்று புள்ளிக் கலப்பு செய்தால் அவை வெளிப்படும். மறுகூட்டிணைவு (புதுச் சேர்க்கைகளின் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே குரோமோசோமில் வெகு தொலைவில் இருக்கும் மரபணுக்கள் 1:1:1:1 காட்டிவிடும். எனவே 1:1:1:1 வந்தது என்பதை வைத்தே வேறு வேறு குரோமோசோம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆய்வகத்தில் செய்வதானால் கன்னிப் பெண் ஈக்களே வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். பெண் ஈ விந்தணுவைச் சேமித்து வைக்கும். முன்பே கலந்திருந்தால் உங்கள் எண்ணிக்கை முழுவதும் வீண். குட்டை இறக்கை ஈக்கள் உணவுக் கூழில் ஒட்டிச் சாவதும் உண்டு. பெற்றோர் வகை ஜோடியிலும் புதுச் சேர்க்கை ஜோடியிலும் குட்டை இறக்கை வகை வெகுவாகக் குறைந்தால் அது பிணைப்பு அல்ல, சேத இழப்பு.