கிவன் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

2019-இல் வந்த கிவன் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 11 எபிசோடையும் பார்த்து முடித்துவிட்டேன். இறந்துபோன காதலனின் கிட்டாரைக் கட்டிக்கொண்டு திரியும் மஃபுயு, அறுந்த கம்பியை மாற்றிக்கொடுக்கும் ரிட்சுகா என்று மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் 9-ஆம் எபிசோடில் மஃபுயு மேடையில் பாட ஆரம்பித்ததும் ஆடிப்போய்விட்டேன். அதுவரை துக்கத்தைச் சொல்ல ஒரு வார்த்தைகூட வராத பையன்! இரண்டு பையன்களின் காதலைக் கேலியாக்காததும் பிடித்திருந்தது.

இதன் தொடர்ச்சியான 2020 படம், அவர்கள் இசைக்குழுவின் மற்ற இருவரான ஹருகி, அகிஹிகோ பக்கம் போய்விடுகிறதாமே? அதை விட்டுவிட்டு நேரே 2024 படங்களுக்குப் போனால் கதை புரியுமா? யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதை மட்டும் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள்.

அப்புறம், இதே மாதிரி அவசரப்படாத பாய்ஸ் லவ் அனிமே வேறு இருந்தால் சொல்லுங்கள். வற்புறுத்துவதைக் காதல் என்று காட்டும் ரகம் வேண்டவே வேண்டாம்.