வென்ஃப்ளான் மாற்றுவது பற்றிய கட்டுரைகள் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் சிஸ்டர்ஸ், பிரதர்ஸ். நான் ஒரு மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ்.

எங்கள் வார்டில் 72 மணி நேரம் ஆனதும் வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகி வைக்கும் சிறு பிளாஸ்டிக் குழாய்) மாற்றியே ஆக வேண்டும். வீக்கம், சிவப்பு, வலி எதுவும் இல்லாமல் மருந்து நன்றாக இறங்கினாலும் சரி. போன வாரம் ஒரு பாட்டிக்கு நான்கு முறை குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா எடுத்தே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நர்ஸ் ஆய்வாளர் கிளேர் ரிக்கார்ட் குழுவினர் நடத்திய ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. 3-ஆம் நாள் கட்டாயமாக மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ஊசி போட்ட ரத்தக் குழாயில் வரும் அழற்சி (ஃபிளபைடிஸ்) ஒரே அளவுதான், சுமார் 7 சதவீதம்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "முழுசாக் கொண்டு வா, படிச்சுட்டுப் பேசலாம்" என்றார். அதுவும் நியாயம்தானே.

நர்சிங் கல்லூரி நூலகத்தில் இதழ்களைப் பார்க்க வசதி உள்ளவர்கள் உதவுங்கள். முக்கியமாக, 'எவிடன்ஸ்-பேஸ்டு நர்சிங்' இதழில் இதைப் பற்றி விமர்சனக் குறிப்பு ஏதாவது வந்திருக்கிறதா? ஓர் ஆய்வை எடுத்து, வார்டில் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சுருக்கமாக அலசுவார்கள். டியூட்டிக்கு நடுவே படிக்க அதுதான் வசதி.

அப்புறம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி போட்ட இடத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் சார்ட் உங்கள் வார்டில் இருந்தால், வெற்றுப் படிவத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். மாற்றாமல் விடுவதென்றால் அந்தக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். அடுத்த வார்டு மீட்டிங்குக்குள் கிடைத்தால் பெரிய உதவி.