புதுப்பிப்பு: காப்பர்(+2)/காப்பர்(+1) மின்முனை அழுத்தக் கணக்கு

காப்பர்(+2)/காப்பர் இணையின் திட்ட மின்முனை அழுத்தம் (எலக்ட்ரானை ஏற்கும் போக்கின் அளவு) 0.34 வோல்ட், காப்பர்(+1)/காப்பர் இணையினுடையது 0.52 வோல்ட் என்னும்போது, காப்பர்(+2)/காப்பர்(+1) இணையின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி, கணக்கு முடிந்துவிட்டது.

ஓர் அரைவினையிலிருந்து (எலக்ட்ரான் ஏற்பை அல்லது இழப்பை மட்டும் காட்டும் வினை) மற்றொன்றைக் கழித்து மூன்றாவது அரைவினையைப் பெறும்போது, அழுத்தங்களை அப்படியே கழிக்கக் கூடாது. எலக்ட்ரான் எண்ணிக்கை, ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்ட அளவு), அழுத்தம் ஆகிய மூன்றையும் பெருக்கி எதிர்க்குறியிட்டால் கிடைக்கும் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றத்தையே கழிக்க வேண்டும். முழு மின்கலத்துக்கு நேரடிக் கழித்தல் பொருந்துவது, அங்கே இருபுறமும் எலக்ட்ரான்கள் சமமாகி நீங்கிவிடுவதால்தான். இந்த வேறுபாட்டைப் பாடங்களில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

ஃபாரடே மாறிலி எல்லா உறுப்புகளிலும் பொதுவாக வருவதால் அதை நீக்கிவிடலாம்; காப்பர்(+2)/காப்பர்(+1) அரைவினையில் ஒரே எலக்ட்ரான் என்பதால் மேலும் வகுக்கத் தேவையில்லை: (2 × 0.34) − (1 × 0.52) = 0.16 வோல்ட்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. 0.52 வோல்ட் 0.16 வோல்ட்டைவிட அதிகம் என்பதால், நீர்க்கரைசலில் காப்பர்(+1) அயனிகளில் ஒரு பாதி ஒடுக்கமடைந்து (எலக்ட்ரானை ஏற்று) உலோகமாகவும், மறுபாதி ஆக்சிஜனேற்றமடைந்து (எலக்ட்ரானை இழந்து) காப்பர்(+2) ஆகவும் மாறுகின்றன, 0.36 வோல்ட் வேறுபாட்டுக்கு 25 பாகை செல்சியஸில் சமநிலை மாறிலி (வினை விளைபொருள்களின் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ பத்து லட்சம். செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடை, அதாவது காப்பர்(+1) ஆக்சைடை, நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டால் கரைசல் நீலமாகி, அடியில் காப்பர் படிவது இதனால்தான்.