வேர்டில் படம் இடம் மாறுகிறது, பாதி மறைகிறது

கேள்வி: பத்திக்குப் பக்கத்தில் வைத்த படம், மேலே இரண்டு வரி சேர்த்ததும் கீழே இறங்கிவிடுகிறது. இன்னொரு படத்தில் அடிப்பகுதி மட்டும் கீற்றாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: 'ஸ்கொயர்' ராப்பிங் (படத்தைச் சுற்றி எழுத்து ஓடும் அமைப்பு) கொடுத்த படம் ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். படத்தைக் கிளிக் செய்தால் இடது ஓரத்தில் தெரியும் நங்கூரக் குறி எந்தப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதுதான் அந்தப் பத்தி. அது நகர்ந்தால் படமும் நகரும். லேஅவுட் ஆப்ஷன்ஸில் 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' தேர்ந்தெடுங்கள். ஆனாலும் நங்கூரப் பத்தி அடுத்த பக்கம் போனால் படமும் கூடவே போய்விடும். அதனால் நங்கூரத்தை இழுத்து, பக்கத்தின் முதல் பத்தியில் விடுவது நல்லது.

பதில் 2: கீற்றுக்குக் காரணம் வரி இடைவெளி. 'எக்ஸாக்ட்லி 12 பாயின்ட்' என்றிருந்தால், 'இன் லைன்' படத்துக்கும் (வரிக்குள் ஓர் எழுத்தைப் போல உட்காரும் படம்) அவ்வளவு உயரம்தான் கிடைக்கும். அந்த வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+1 அழுத்துங்கள்; வரி இடைவெளி 'சிங்கிள்' ஆக மாறி, முழுப் படமும் வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி!