கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு ஓர் ஆப்: செய்தவர்களும் பயன்படுத்தியவர்களும்

ஐடி, இறுதியாண்டு:
கல்லூரி நிகழ்ச்சிகள் வழியாக மாணவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாக உதவும் ஆப் ஒன்றை ஃபைனல் இயர் புராஜெக்டாக எடுத்துக்கொண்டோம். டிசைனில் கை வைப்பதற்கு முன் கேன்டீனில் ஜூனியர்களிடம் பேசினோம். சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் பற்றித் தகவலே வரவில்லை என்று யாரும் குறைப்படவில்லை. போஸ்டர்கள்தான் வாட்ஸ்அப்பில் குவிகின்றனவே! கூட யார் வருவார்கள், ஓடி (ஆன் டியூட்டி, அதாவது நிகழ்ச்சிக்குப் போனாலும் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) கிடைக்குமா, காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்றுதான் கேட்டார்கள்.

இந்த பஸ் விஷயம் சாதாரணமில்லை. ஹாஸ்டல்காரர்களுக்கு மாலையில்தான் விழா களைகட்டும். அந்த நேரத்தில் டே ஸ்காலர்களின் பஸ் பைபாஸைத் தாண்டியிருக்கும். அதனால் எங்கள் ஆப்பில் போஸ்டரைச் சின்னதாக்கிவிட்டு, நிகழ்ச்சி முடியும் நேரத்தையும் 'உங்கள் ரூட்டில் இன்னும் 4 பேர் இருக்கிறார்கள்' என்ற வரியையும் மேலே வைத்தோம். சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பிடிக்க அது போதும். பேச்சு அங்கே தானாக ஆரம்பித்துவிடும். முகம் தெரியாதவருக்கு 'ஹாய்' அனுப்பும் பட்டன் வீண் என்பது என் கட்சி.

இசிஇ, மூன்றாம் ஆண்டு:
அந்த 4 பேரின் பெயரும் தெரியுமா? எங்கள் கல்லூரியில் இதேபோல் ஒன்று வந்தது. பதிவு செய்தவர்களின் பெயர், போட்டோ எல்லாம் வரிசையாகத் தெரியும். நான் பதிவு செய்த அன்று இரவே யாரென்றே தெரியாத ஒரு சீனியரிடமிருந்து இன்ஸ்டாவில் ரிக்வெஸ்ட். அப்புறம் எங்கள் வகுப்புப் பெண்கள் ஆப்பைத் தொடவே இல்லை, ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் வரிசையிலேயே நின்றுகொண்டார்கள். எத்தனை பேர், எந்தத் துறை என்பது தெரிந்தால் போதும். இருவரும் சம்மதித்த பிறகு பெயர் தெரியட்டும்.

படிப்பு முடித்து மென்பொருள் வேலையில் இருப்பவன்:
தங்கை சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து வரும் முதலாண்டு மாணவர்கள் பலருக்கு 17 வயதுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே தேவையில்லாத எந்த விவரத்தையும் வாங்கி வைக்காதீர்கள்.

பிளே ஸ்டோரில் போடுவதாக இருந்தால் நாள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். முன்பு 20 பேர் கேட்டார்கள். அந்த 12 பேரையும் ஹாஸ்டல் ரூமிலேயே பிடித்துவிடாதீர்கள், பஸ்ஸில் போகிறவர்களும் இருக்கட்டும்.

ஐடி, இறுதியாண்டு:
பெயர் காட்டுவதில்லை, எண்ணிக்கை மட்டும்தான். துறையையும் சேர்க்கலாமா என்று டீமில் பேசுகிறோம். ஆனால் ஒரு ரூட்டில் ஒரே ஒரு சிவில் மாணவி இருந்தால் துறையைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதானே?

ஓடிக்கு ஒரு வழி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்பதால் 75 சதவீத வருகை கட்டாயம். ஓடி உறுதியில்லாமல் எவனும் வகுப்பை விட்டு வரமாட்டான். அரங்க வாசலில் கியூஆர் ஸ்கேன் செய்தால் வந்தவர் பட்டியல் அன்று மாலையே துறைத் தலைவரான எச்ஓடிக்குப் போய்விடும். ஆப்பைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்ட ஒரே இடம் அதுதான்.

ஆட்டோ காசைப் பங்கிடும் வசதியும் வேண்டுமாம் இப்போது. அதைச் செய்யப்போவதில்லை, ஜிபே இருக்கிறது.