மறு: டிவிஎல்லுக்குத் தமிழ்ச் சொல், ‘பூட்டிய மதிப்பு’ வேண்டாமே

வணக்கம் எல்லோருக்கும்,

கிரிப்டோ நெறிமுறைகளில், அதாவது வங்கி இல்லாமல் நிரலே நடத்தும் கடன், நாணய மாற்றுச் சேவைகளில், எவ்வளவு பணம் கிடக்கிறது என்று பட்டியலிடும் தளம் டிஃபைலாமா. அதைப் பற்றிய விளக்கத்தைத் தமிழில் எழுதத் தொடங்கியதிலிருந்து, அந்தத் தொகையின் ஆங்கிலப் பெயரான டிவிஎல் (Total Value Locked) என்ற மூன்றெழுத்திலேயே நிற்கிறோம். ‘பூட்டப்பட்ட மொத்த மதிப்பு’ என்று பதுளைத் தங்கச்சி எழுதியதைப் பலர் ஏற்றுக்கொண்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போன மாதம் ஹட்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் போனை நீட்டினான். ஏதோ ஒரு தமிழ் விளக்கக் காணொளி, பட்டியலில் மேலே நிற்கும் நெறிமுறைக்குப் பக்கத்தில் ‘பூட்டப்பட்ட பணம்’ என்று போட்டிருந்தார்கள். “பூட்டித்தானே மாமா வச்சிருக்காங்க, அப்ப பத்திரமாத்தானே இருக்கும்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. பூட்டு என்றால் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும், சாவி நம் கையில், பொருள் உள்ளே.

ஆனால் அங்கே பெரும்பாலான பணம் பூட்டியே இல்லை, போட்டவர் நினைத்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். 2022 மே மாதத் தொடக்கத்தில் டெர்ரா என்ற சங்கிலியில் (பிளாக்செயினில்) இருந்த ஆங்கர் என்ற நெறிமுறையில் சுமார் 17 பில்லியன் டொலர் இருந்தது, வருடத்துக்கு 20 சதவீதத்துக்குக் கிட்ட வட்டி என்று சொல்லிச் சேர்த்த பணம், பட்டியலின் முன்வரிசையில் நின்றது. டெர்ராவின் யுஎஸ்டி (UST) நாணயம் தன் ஒரு டொலர் விலையிலிருந்து சரிந்ததும் சில நாட்களில் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. பூட்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

அப்புறம் தலவாக்கலை அண்ணா சொன்ன ‘மொத்த வைப்பு’. சொல் நல்ல சொல்தான், பயம் வேறு. நம் ஊரில் வைப்பு என்றால் வங்கி, நிலையான வைப்பு, சேமிப்புப் புத்தகம். வங்கி வைப்புக்கு இலங்கையில் காப்புறுதித் திட்டம் இருக்கிறது, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை. இந்த நெறிமுறைகளில் போட்ட பணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, கிரிப்டோ பற்றி மத்திய வங்கியே 2021 இலும் 2022 இலும் மக்களை எச்சரித்திருக்கிறது. வைப்பு என்று நாம் எழுதினால் இல்லாத காப்பை நாமே சேர்த்துக் கொடுக்கிறோம் அண்ணா.

‘ஈட்டிருப்பு’, அதாவது ஈடாக வைத்த இருப்பு, என்ற யோசனை கடன் கொடுக்கும் ஆவே என்ற நெறிமுறை மாதிரி இடங்களில் பொருந்தும். நாணயம் மாற்றும் யூனிஸ்வாப்பில், பலர் சேர்த்துப் போட்டுவைக்கும் மாற்றுக் குளத்துக்குள் போடுவது ஈடு கிடையாதே. அதனால் விட்டுவிடலாம்.

நான் சொல்ல வருவது இட்டிருப்பு. இட்டது, இன்னும் இருப்பது. கடையில் இருப்பெடுக்கிறோமே, அந்த இருப்புத்தான், இந்த நிமிடம் எவ்வளவு கிடக்கிறது என்ற கணக்கு. நாளைக்கும் இருக்குமா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. டிஃபைலாமா செய்வதும் அதைத்தான்: ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு சிறு நிரல் யாரும் படிக்கும்படி திறந்த மூலமாகக் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது, அது சங்கிலியில் உள்ள ஒப்பந்தங்களின் (பணத்தை வைத்திருக்கும் நிரல்களின்) இருப்பைப் படித்து அன்றைய விலையால் பெருக்குகிறது. விலையால் பெருக்குவதால் இன்னொன்றும் நடக்கும். ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் 2021 நவம்பரில் 4,800 டொலரைத் தொட்டது, 2022 ஜூனில் 1,000 க்கும் கீழே போனது. யாரும் ஒரு ஈதரைக்கூட வெளியே எடுக்காவிட்டாலும் டொலர் கணக்கு ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆகவே அளவைச் சொல்லும்போது இட்டிருப்பு, டொலரில் சொல்லும்போது இட்டிருப்பு மதிப்பு என்று பிரித்து எழுதலாம்.

இனி ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுகிற சிக்கல். லைடோ என்ற நெறிமுறையில் ஈதரைப் போட்டால் அதற்குச் சமமாக ஸ்டீத் (stETH) என்ற நாணயம் கையில் வரும், அதைக் கொண்டுபோய் ஆவேயில் ஈடு வைக்கலாம். லைடோ கணக்கிலும் அது இருக்கும், ஆவே கணக்கிலும் இருக்கும். இதற்கு ‘இரட்டைப் பதிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது கட்டாயம் வேண்டாம், பாடசாலையில் கணக்கீடு படித்த எல்லோருக்கும் இரட்டைப் பதிவு என்பது வரவும் செலவும் எழுதும் சரியான முறையின் பெயர். நான் சொல்வது மறுநிறுவை. என் அம்மா 30 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மலையில் நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலையிலும் திரும்ப நிறுப்பார்கள். இரண்டு நிறையையும் கூட்டி இன்றைக்கு இத்தனை கிலோ என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதமாட்டார். (அம்மாவின் கூடையில் ஈரம், சாக்கு என்று கழித்த கிலோக்கள் தனிக் கதை, நிறுவை என்ற சொல் எங்கள் வீட்டில் இலேசான சொல் இல்லை.) டிஃபைலாமாவில் மறுநிறுவையைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது, அந்தப் பொத்தானுக்கே இந்தப் பெயரை வைக்கலாம். சோலானா சங்கிலியில் ஒருவரே 11 புனைபெயர்களில் நெறிமுறைகள் எழுதி, ஒரே பணத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டி, இட்டிருப்பைப் பல பில்லியன் டொலரால் ஊதிக் காட்டியது 2022 ஆகஸ்டில் வெளியே வந்தது. பதினொரு பேர், ஆள் ஒன்று. செக்ரோல், அதாவது தோட்டத்தில் ஆட்களின் பேர் பதியும் புத்தகம், தெரிந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விளக்கத்தின் தலைப்பில் ‘தரவரிசை’ என்று போட்டிருக்கிறோம். அதையும் மாற்றக் கேட்கிறேன். தேயிலையில் பிஓபி (BOP) என்பது இலைத் துண்டின் அளவைச் சொல்லும் பெயர், ருசியைச் சொல்வதில்லை, ஆனாலும் வெளியாட்கள் அதை உயர்ந்த தரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பட்டியலும் அப்படித்தான், எங்கே அதிகம் கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘தொகைவரிசை’ என்று எழுதினால் போதும்.

தங்கச்சி, அண்ணா, மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குப் பிறகுதான் சொற்பட்டியலில் கை வைப்பேன். இட்டிருப்பு என்று நேற்று மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்ப எடுத்துட்டா இருக்காதுல்ல?” என்றான்.