படிப்பகத்துப் பொதுக் கணினியைப் பூட்டுவது எப்படி? கியோஸ்க் போட்டும் வெளியே வந்துவிடுகிறார்கள்

படிப்பகப்_பொறுப்பாளர்:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வாசகர்களுக்கென்று ஒரே ஒரு கணினி இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கித் தந்தது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10 புரோ. காலையில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் அறிவிப்பும் பழைய வினாத்தாளும் பார்ப்பார்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள். மதுரைத் திட்ட இணையதளத்தில் பழைய இலக்கியம் படிக்கவே தினமும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உண்டு.

அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டு, அதன் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் குரோமை கியோஸ்க் முறையில் (திரை முழுக்க பிரவுசர் மட்டுமே தெரியும் முறை) திறக்கும்படி வைத்திருந்தேன். இரண்டே நாளில் வால்பேப்பர் மாறியது, விளையாட்டு வந்து உட்கார்ந்தது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் நடந்தது வேறு. வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண்ணின் ஆதார் நகலும் சான்றிதழ்களும் டவுன்லோட்ஸில் அப்படியே கிடந்திருக்கின்றன. மறுநாள் வந்த பையன் ஒருவன் அதைப் போனில் படம் எடுத்துவிட்டான். நல்லவேளை, அவனே என்னிடம் வந்து காட்டினான். அந்தப் பெண்ணின் அப்பா வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து கணினியை அணைத்தே வைத்திருக்கிறேன். எப்படி வெளியே வருகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அப்புறம் அதை அடைக்க வேண்டும். தமிழ் டைப்பிங்கும் பிரிண்டும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். மென்பொருளுக்குச் செலவழிக்கப் பணம் இல்லை.

திருச்சி_சிஸ்டம்ஸ்:
ஸ்டார்ட்அப்பில் குரோமைப் போட்டால் அது டெஸ்க்டாப்பின் மேல் விரித்த போர்வை மாதிரிதான். கீழே டெஸ்க்டாப் முழுசாக இருக்கிறது. ஆல்ட்+எஃப் 4 அழுத்தினால் போர்வை போய்விடும். கியோஸ்க் என்ற சொல்லை நம்பி நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கணக்கில் வெறும் கீபோர்டோடு பத்து நிமிடம் உட்காருங்கள். ஷிப்ட்டை ஐந்து முறை தட்டிப் பாருங்கள். கண்ட்ரோல்+எஸ், கண்ட்ரோல்+ஓ, கண்ட்ரோல்+பி பாருங்கள். என்னென்ன திறக்கிறது என்று எழுதுங்கள், மேலே சொல்கிறேன்.

படிப்பகப்_பொறுப்பாளர்:
பார்த்தேன் சார். உடம்பே பதறிவிட்டது.

ஷிப்ட்டை ஐந்து முறை தட்டியதும் ஒரு சத்தத்தோடு ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்தது. அதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு இணைப்பு. டேப் தட்டி அதன்மேல் போய் என்டர் கொடுத்தேன், செட்டிங்ஸ் திறந்துவிட்டது. அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கண்ட்ரோல்+எஸ் அதைவிட மோசம். பக்கத்தைச் சேமிக்கும் பெட்டி வந்தது. அதன் மேல் பட்டையில் சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை. பிரிண்ட் கொடுத்து, பி.டி.எஃப். ஆகச் சேமி என்றாலும் அதே பெட்டிதான் வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

திருச்சி_சிஸ்டம்ஸ்:
அதேதான். பொதுக் கணினிகளில் வெளியே வர மிகப் பழைய வழி இந்தச் சேமிப்புப் பெட்டி. அது பார்க்க பிரவுசரின் பெட்டி, உள்ளே விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். பிரவுசரை எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பெட்டி திறந்தால் எல்லாம் திறந்த மாதிரி.

புரோ என்பதால் அசைன்டு அக்சஸ் (ஒரு கணக்கில் ஒரே செயலி மட்டும் ஓடும்படி பூட்டும் வசதி) இருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், கியோஸ்க் அமைப்பதைத் தேர்ந்து, எட்ஜ் பிரவுசரைக் கொடுக்கலாம். அதில் பொது உலாவல் என்ற வகை இருக்கிறது. டெஸ்க்டாப்பே ஏறாது. உலாவல் முழுக்க இன்பிரைவேட்டில் (தடம் சேமிக்காத முறையில்) நடக்கும். சும்மா விட்டால் ஐந்து நிமிடத்தில் தானே துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். கண்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் கொடுத்தால் லாகின் திரைக்குத்தான் போகும், அங்கே பாஸ்வேர்டு கேட்கும்.

ஆனால் உங்கள் நிலையில் இதற்கு மெனக்கெடச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர்களுக்குக் கொடுத்த கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் கியோஸ்க் முறையில் ஓடும் கணினியைச் சேர்க்க மாட்டார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், உங்களுடையது ஆறு. ஊரே வந்து பாஸ்வேர்டு அடிக்கிற கணினியை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது தப்பு. லினக்ஸுக்கு மாறுங்கள்.

பழைய_பிரவுசிங்_சென்டர்:
தம்பி, நான் 2004-லிருந்து பத்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினவன். மென்பொருளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சிபியு எங்கே இருக்கிறது? மேஜைக்குக் கீழே கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தால் நீங்கள் போடும் எந்தப் பூட்டும் பூட்டு இல்லை. பென்டிரைவில் வேறு சிஸ்டத்தை வைத்து பூட் செய்தால் தீர்ந்தது. பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பில்) பாஸ்வேர்டு போடுங்கள், யு.எஸ்.பி.யிலிருந்து பூட் ஆவதை நிறுத்துங்கள். நிறைய டெஸ்க்டாப் போர்டுகளில் உள்ளே இருக்கும் பட்டன் செல்லைக் கழற்றினாலோ ஜம்பரை மாற்றினாலோ அந்தப் பாஸ்வேர்டே போய்விடும். அதனால் சிபியுவை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பின்பக்கம் காற்றுப் போக ஓட்டை விடுங்கள், இல்லையென்றால் மே மாதம் தாங்காது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் ஒயர் மட்டும் வெளியே வரட்டும்.

இன்னொன்று. கீபோர்டு ஒயருக்கும் சிபியுவுக்கும் நடுவில் விரல் நுனி அளவு ஒரு துண்டைச் செருகிவிட்டுப் போவார்கள். அடிக்கிறதெல்லாம் அதில் பதியும். எந்த ஆன்டிவைரஸும் அதைக் காட்டாது. என் கடையில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒயர் முனை பெட்டிக்குள் பூட்டியிருந்தால் அந்தக் கவலை இல்லை.

அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்டே ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் குணம்தான்: யார் என்ன செய்தாலும் அடுத்த ஆள் உட்காரும்போது சுத்தமாக இருக்க வேண்டும்.

கல்லூரி_நூலகர்:
அண்ணன் கடைசியாகச் சொன்னதைத்தான் நானும் முதலில் வைப்பேன். எங்கள் நூலகத்தில் நூல் தேடும் கணினிகள் ஐந்தை டெபியன் லினக்ஸுக்கு மாற்றினோம். எப்படி என்று சொல்கிறேன்.

டெஸ்க்டாப் எதுவும் போடாதீர்கள். லாகினைக் கவனிக்கும் லைட்டிஎம் தானே லாகின் ஆகட்டும், ஜன்னல்களை நிர்வகிக்கும் ஓபன்பாக்ஸ் மட்டும் ஏறட்டும், அதற்கு மேல் குரோமியம் பிரவுசர். டெர்மினலும் ஃபைல் மேனேஜரும் நிறுவவே வேண்டாம். ஓபன்பாக்ஸில் வலது கிளிக் மெனுவையும் அது கூடவே கொண்டுவரும் ஷார்ட்கட்களையும் காலி செய்துவிடுங்கள். குரோமியத்தை ஒரு ஸ்கிரிப்ட்டின் சுழலுக்குள் வையுங்கள். ஆல்ட்+எஃப் 4 யாராவது அழுத்தினாலும் மூடிய மறுநொடி திறக்கும்.

வாசகர் கணக்கின் ஹோம் ஃபோல்டரை டிஸ்க்கில் வைக்காமல் டி.எம்.பி.எஃப்.எஸ். ஆக, அதாவது ராமில் வையுங்கள். குரோமியம் மூடும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் அதைத் துடைத்துவிட்டுப் புது நகல் போடட்டும். அந்தப் பெண்ணின் ஆதார் போல எதுவும் அடுத்தவருக்கு மிஞ்சாது. கரண்ட் போனாலும் மிஞ்சாது.

குரோமியத்தின் பாலிசி ஃபைலில் (அதில் எதைச் செய்யலாம், கூடாது என்று எழுதும் ஃபைல்) டெவலப்பர் டூல்ஸை நிறுத்துங்கள். ஃபைல், குரோம், வியூ-சோர்ஸ் என்று தொடங்கும் முகவரிகளைத் தடை செய்யுங்கள். பிரிண்டுக்கு கியோஸ்க்-பிரிண்டிங் என்ற ஃபிளாக் (குரோமியத்தைத் திறக்கும் கட்டளையோடு சேர்க்கும் சொல்) இருக்கிறது. பெட்டி எதுவும் காட்டாமல் நேராக பிரிண்டருக்கு அனுப்பும்.

அப்புறம் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப் 3 அழுத்தினால் எழுத்துத் திரைக்குப் போகும். திரையை இயக்கும் எக்ஸார்க்கின் கட்டமைப்பில் டோன்ட்-விடி-ஸ்விட்ச் என்பதை இயக்கினால் அந்தக் கதவும் அடைபடும். கணினி ஏறும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் ஈ எழுத்தைத் தட்டினால் பூட் வரியையே திருத்தி ரூட்டாக (முழு உரிமையோடு) நுழையலாம். அதற்கும் பாஸ்வேர்டு வேண்டும்.

படிப்பகப்_பொறுப்பாளர்:
அக்கா, நீங்கள் சொன்னபடி இரண்டு நாளாக உட்கார்ந்து செய்தேன். பெருமளவு வந்துவிட்டது. மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, நேற்று மத்தியானம் கரண்ட் போய் வந்ததும் கிரப் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நான் வயலில் இருந்தேன். சாயங்காலம் வரை பிள்ளைகள் காத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டு, தமிழ்99 கீபோர்டு லேஅவுட் வருகிறது, ஆனால் தானாகப் புள்ளி விழவில்லை. ஆசிரியர் "பக்கம்" என்று அடித்தால் "பககம்" என்று வருகிறது. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

மூன்று, பாலிசியில் ஃபைல் தேர்வுப் பெட்டியையே நிறுத்திவிட்டேன், விண்டோஸில் பட்ட பாடு அப்படி. இப்போது விண்ணப்பத்தில் போட்டோ ஏற்ற முடியவில்லை.

கல்லூரி_நூலகர்:
கிரப்பில் வழக்கமாக பூட் ஆகும் வரிக்கு அன்ரெஸ்ட்ரிக்டட் என்று கொடுங்கள். சாதாரணமாக ஏறும்போது கேட்காது, திருத்தப் போனால்தான் கேட்கும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆக பயாஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

தமிழ் விஷயத்தில் நீங்கள் எடுத்தது லினக்ஸின் அடிப்படைக் கீபோர்டு அமைப்பான எக்ஸ்கேபியில் வரும் லேஅவுட். அது விசைக்கு எழுத்தை மாற்றித் தரும், அவ்வளவுதான். முன்னே என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது. புள்ளி தானாக விழ ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, அதில் எம்17என் என்ற தொகுப்பு வழியாக வரும் தமிழ்99-ஐ எடுங்கள். க இரண்டு முறை தட்டினால் க்க ஆகும். கடைசி ம்-க்கு மட்டும் எப்போதும்போல் புள்ளி விசை தட்ட வேண்டும், ஆசிரியருக்கு அது பழக்கமாகவே இருக்கும். மொழி மாற்றும் விசையை நீங்களே ஒன்று தேர்ந்து ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். பூட்டிய கணினியில் தமிழ் அடிக்க முடியாமல் போவதுதான் எனக்கு எப்போதும் மனம் கஷ்டப்படுகிற விஷயம். எத்தனையோ இடங்களில் அதை யாரும் கவனிப்பதில்லை.

ஃபைல் பெட்டியைத் திறந்துவிடுங்கள், பயப்பட வேண்டாம். விண்டோஸில் அந்தப் பெட்டியிலிருந்து புரோகிராமை ஓட்ட முடிந்தது, அதனால்தான் அது ஆபத்து. இங்கே வரும் பெட்டி ஃபைலைத் தேர்ந்து கொடுக்கும், எதையும் ஓட்டாது. நீங்கள் டெர்மினலும் வைக்கவில்லை. சுற்றிப் பார்த்தாலும் சிஸ்டம் ஃபைலை மாற்ற வாசகர் கணக்குக்கு உரிமை இல்லை. போட்டோவை மெயிலிலிருந்தோ டிஜிலாக்கரிலிருந்தோ இறக்கி ஏற்றட்டும். பென்டிரைவ் வேண்டாம்.

திருச்சி_சிஸ்டம்ஸ்:
அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படி பட்டியல் போடலாமா என்று அடுத்துத் தோன்றும். நூல் தேடும் கணினிக்கு அது சரி. விண்ணப்பம் போடும் கணினிக்குச் சரிவராது. கட்டணம் கட்டும் பக்கம் வேறு முகவரியில் திறக்கும், கடைசி நாளில் ஒருவருக்கு அங்கே அடைபட்டால் அது பெரிய பாவம். பட்டியலை விட்டுவிடுங்கள்.

படிப்பகப்_பொறுப்பாளர்:
மூன்றும் சரியாகிவிட்டது. மரப்பெட்டியை ஊர் ஆசாரியே கூலி வாங்காமல் செய்து கொடுத்தார்.

நானாக இரண்டு சேர்த்தேன். எஃப் 12 விசையில் "முடித்துவிட்டேன்" என்று ஒட்டி, அதை அழுத்தினால் குரோமியம் மூடித் துடைக்கும்படி ஓபன்பாக்ஸில் வைத்தேன். எழுந்து போகும்போது எல்லோரும் அதைத் தட்ட வேண்டும் என்று பிள்ளைகளே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். அழுத்த மறந்தால் சும்மா இருக்கும் நேரத்தை எண்ணித் துடைக்க முதலில் ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். ஆசிரியர் ஒரு பாட்டின் உரையைக் கையை எடுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கம் போய்விட்டது. இப்போது எட்டு நிமிடம், அதில் கடைசி அரை நிமிடம் திரையில் எச்சரிக்கை வரும்.

போட்டோ எடுத்துக் காட்டிய அந்தப் பையனையே நேற்று வெறும் கீபோர்டோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். ஷிப்ட், கண்ட்ரோல்+எஸ், அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். ஒரே ஒரு இடம் கண்டுபிடித்தான்: ஆல்ட்டோடு பிரிண்ட் ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு பி (B) தட்டினால் கணினி உடனே ரீஸ்டார்ட் ஆகிறது. இதை எப்படி நிறுத்துவது?

கல்லூரி_நூலகர்:
அது கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், சிஸ்ரெக் என்ற அவசர விசை. சிஸ்கண்ட்ரோல் அமைப்பில் கெர்னல் சிஸ்ரெக் மதிப்பை 0 ஆக்கிவிடுங்கள், ரீஸ்டார்ட் செய்த பிறகும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பையனிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

படிப்பகப்_பொறுப்பாளர்:
நின்றுவிட்டது அக்கா. சொல்லிவிட்டேன். நாளைக் காலை திறக்கிறோம். அந்தப் பெண்ணின் அப்பாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.